ஐந்து மண்டபங்களும் ஒரு நோயாளியும்

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் சென்று, அங்கிருந்து கடற்கரை நோக்கிப் போகும் மின்தொடர் வண்டியில் ஏறுகிறவர்கள் முதலாவதாகக் கடக்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் எத்தனையோ பேர் அதனை ஓர் ஊர்ப்பெயராகவே சொல்லி ஏறி இறங்குகின்றனர். சானடோரியம் என்பது ஊரன்று. காசநோயுற்றோர் நல்ல காற்றிலும் ஓய்விலும் தங்கி உடல் தேறுவதற்கென எழுப்பப்பட்ட இல்லம் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே.

அந்த இல்லத்தை 1928ஆம் ஆண்டு தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. நம் குடும்பங்களில் இன்றும் வழங்கிவரும் பெயர் அது. இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளிடையே காசநோய் இல்லம் ஒன்றை நடத்திப் பெயர் பெற்றவர், பிற்காலத்தில் தாய்நாடு திரும்பித் தாம்பரத்தில் இதனை நிறுவினார். 1937இல் சென்னை மாகாண அரசு இதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளரைப் பலரும் வாசலில் நிறுத்திய காலத்தில் அவர்களுக்கும் கதவு திறந்தது இவ்விடமே. 2004 ஏப்ரல் முதல் நாள் நாட்டில் இலவச ஹெச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, அதை வழங்கிய முதல் மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று.

மென்டிப் குன்றில் சவுரிமுத்துவிடம் 1917ஆம் ஆண்டு சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். காசநோய் என்றே அன்றைய மருத்துவருள் பலர் கருதினர். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் தமது 32ஆம் வயதில் அவர் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், 1994இல், யங் என்னும் ஆய்வாளர் அந்நோய் பற்றி எஞ்சியிருந்த சான்றுகளை ஒன்றுசேர்த்து மீண்டும் வாசித்தார். இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்னரே ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி வந்திருந்ததையும், பின்னர் விட்டுவிட்டு வந்த காய்ச்சலின் போக்கையும் இணைத்துப் பார்த்து, அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று எழுதினார். அந்நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது.

இம்முடிவை இனி உடலைக் கொண்டு உறுதிசெய்ய வழியில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. நோயாளியைப் பற்றிய செய்திகள் எங்கோ ஓரிடத்தில் சொல்லப்பட்டும் எழுதப்பட்டும் இருக்கின்றன; அவற்றைச் சேர்த்து, உரிய காலத்தில் வாசிக்கும் கண்கள்தாம் இல்லாமற்போகின்றன. பலர் படுத்திருக்கும் இடத்தில், மிகுந்த ஆபத்திலிருப்பவர் யார் என்பதை எப்படி அறிவது? இன்று கணிப்பொறிகள் மருத்துவக் குறிப்புகளை வாசித்து இக்கேள்விக்கு விடை தேடுகின்றன. இந்த முயற்சியின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடையது.

காலம் கடந்த அழைப்பு

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இக்கேள்வி புதியதன்று. நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்பது யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் தரும் அறிவுரை. அங்கே நோயுற்றவர் என்றுதான் இருக்கிறதே ஒழிய, சாகும் தறுவாயில் இருப்பவர் என்று இல்லை. ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்த அருளடையாளம் இறுதிப் பூசுதலாகச் சுருங்கிற்று. நம் பாட்டிமார் அதனை அவஸ்தைப்பூசுதல் என்றே அழைத்தனர். குருவானவர் தைலத்துடன் தெருவில் வந்தால் அந்த வீட்டில் அழுகை எழும். நோயாளி பயந்துவிடுவாரே என்று நினைவு தப்பும்வரை குருவை அழைக்காத குடும்பங்களும் இருந்தன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில் இந்நிலையை மாற்றியது. நோயில்பூசுதல் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர் என்றும், இது இறக்கும் நேரத்தில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்றும் சங்கம் தெளிவுபடுத்தியது. ஆபத்து தொடங்கும்போதே அதற்குரிய காலமும் வந்துவிடுகிறது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான புதிய ஒழுங்கைத் தந்தார். ஒருவரின் நோய் கடுமையானது என்பதைக் கடைசி மூச்சுக்கு முன்னரே கண்டுகொள்ள வேண்டும் என்பதைச் சங்கத் தந்தையர் அருள்வாழ்வு பற்றிச் சொன்னார்கள். மருத்துவ உலகமும் அதே பாடத்தைத் தன் வழியில் கற்றுக்கொண்டிருந்தது.

ஏடுகளின் கதை

மனிதரைப் பற்றி எழுதிவைப்பதில் திருச்சபைக்கு நீண்ட பழக்கம் உண்டு. திரிதெந்தின் சங்கம் 1563இல் திருமுழுக்கு, திருமண ஏடுகளை ஒவ்வொரு பங்கிலும் வைக்கப் பணித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் அவற்றுடன் சேர்த்தது. ஏழையானாலும் செல்வரானாலும் பெயர் ஒரு வரி பெற்றது.

ஏடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் வரலாறு காட்டுகிறது. இலண்டன் மாநகரில் வாரந்தோறும் அச்சான இறப்புப் பட்டியல்களை ஜான் கிரான்ட் என்னும் வணிகர் ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் எழுதினார். மக்கட்தொகைப் புள்ளியியலின் தொடக்கம் அதுவே என்பர். பிணத்தைப் பார்த்து இறப்பின் காரணம் சொல்லும் பணியில் அங்கே முதிய பெண்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு கோப்பை மதுவும் சிறு கையூட்டும் பெற்றால், வெளியில் சொல்லக் கூசும் நோயால் இளைத்து இறந்தவரையும் அவர்கள் எலும்புருக்கி நோய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்று கிரான்ட் குறை கூறினார். பட்டியலில் எலும்புருக்கி என்று கண்டதெல்லாம் எலும்புருக்கியன்று. எழுதப்பட்டதை வாசிப்பவன், எழுதியவர் யார், எந்தச் சூழ்நிலையில் எழுதினார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று.

இதற்கு நம் சென்னையிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த வயதுவந்தோர் ஏறத்தாழ 48,000 பேரின் இறப்பை டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். இறப்புப் பதிவேட்டில் காரணம் பல இடங்களில் தெளிவாக இல்லை. எனவே பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, இறந்தவரின் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கடைசி நாள்களைப் பற்றிக் கேட்டு, அவர்கள் கூறியதைக் கதைபோல் எழுதிக்கொண்டு வந்தனர். எத்தனை நாள் இருமினார், சளியில் இரத்தம் வந்ததா, கை கால் இழுத்ததா, எப்போது உணவு நின்றது என்பன போன்ற செய்திகள் அவற்றில் இருந்தன. மருத்துவர்கள் அவ்வெழுத்தை வாசித்துக் காரணத்தை வகுத்தனர். 25 முதல் 69 வயது வரையிலானோரில் காரணம் தெளிவற்ற இறப்புகளின் பங்கு 37 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. இதே பணியின் தொடர்ச்சியாக 2003இல் வெளிவந்த ஆய்வு, புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதோரைவிட நகர்ப்புறத்தில் ஏறக்குறைய 4.5 மடங்கு என்று காட்டியது.

ஆக, மருத்துவச் சான்றிதழ் சொல்லாததை வீட்டாரின் எளிய தமிழ் சொல்லிற்று. கேட்பதற்கு ஒருவர் வாசலுக்கு வந்தார் என்பதே அங்கு நடந்த புதுமை. ஆயினும் அந்தக் கேள்வி இறந்தபின் கேட்கப்பட்ட கேள்வி. இருக்கும்போதே கேட்பது எப்படி?

இயந்திரம் வாசிக்கத் தொடங்கியது

மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருவகைச் செய்திகள் உண்டு. இரத்த அழுத்தம், வெப்பநிலை, எடை போன்றவை எண்கள். இவற்றைக் கணிப்பொறி எளிதில் கையாளும். நோயாளி சொன்னதும், மருத்துவர் கண்டதும், இரவுச் செவிலியர் குறித்ததும் வாக்கியங்கள். முக்கியமானவை பெரும்பாலும் வாக்கியங்களிலேதான் மறைந்திருக்கின்றன.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நவோமி சேகர் என்னும் அம்மையார் 1965 முதல் மொழியியல் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தினார். மருத்துவர்கள் எழுதும் ஆங்கிலம் பொது ஆங்கிலத்திலிருந்து வேறுபட்டது, அதற்கென்று சிறிய இலக்கணம் ஒன்று உண்டு என்பது அவர்கள் கொண்ட அடிப்படை. அந்த இலக்கணத்தைக் கணிப்பொறிக்குக் கற்பித்தால் கட்டற்ற வாக்கியத்தைக் கட்டங்களிட்ட பட்டியலாக மாற்றிவிடலாம். அந்த வழியில் வந்த கரோல் ஃபிரீட்மன், கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனைக்காக ஒரு முறையை உருவாக்கினார். மார்பு எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து மருத்துவர் தரும் அறிக்கைகளை அது வாசித்தது. 200 அறிக்கைகளைக் கொண்டு நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட ஆறு நோய்நிலைகளைக் கண்டறிவதில் அந்த இயந்திர வாசிப்புக்கும் மருத்துவர் வாசிப்புக்கும் வேறுபாடு காண இயலவில்லை. மருத்துவம் பயிலாத மனிதரைவிட அது நன்றாகவே வாசித்தது.

எந்த நோய்க்காக அது முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டது தெரியுமா? நம் தாம்பரத்து நோய்க்காகத்தான். 1980களின் பிற்பகுதியிலிருந்து நியூயார்க் நகரில் காசநோய் மீண்டும் தலைதூக்கியது. 1992ஆம் ஆண்டில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் அந்நகரில் அதற்கு ஆளாயினர். வீடற்றோரும் எய்ட்ஸ் நோயாளரும் அவர்களில் மிகுதி. காசநோய் உள்ளவர் என்று அறியாமல் பொது வார்டில் படுக்கவைத்தால், அவருக்கும் கேடு, அடுத்த படுக்கையில் உள்ளவருக்கும் கேடு. ஆகவே கொலம்பியா மருத்துவமனையில், அன்றாடம் வரும் எக்ஸ்-ரே அறிக்கைகளை இயந்திரம் வாசித்து, ஐயத்துக்குரிய நோயாளி தனியறையில் வைக்கப்படாதிருந்தால் எச்சரிக்கை தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1996இலும் 1998இலும் அதன் அனுபவங்கள் வெளியாயின. மருத்துவர்கள் கவனியாமல் விட்ட சிலரை அது சுட்டிக்காட்டியது. அதுவே தவறவிட்டவர்களும் உண்டு.

இயந்திரத்துக்குப் பெரிய இடறலாக இருந்தது ‘இல்லை’ என்னும் சொல். ‘காசநோய்க்கான அறிகுறி இல்லை’ என்று மருத்துவர் எழுதியிருப்பார். காசநோய் என்ற சொல்லை மட்டும் தேடும் இயந்திரம் நோயற்றவரைப் பிடித்துக் கொடுத்துவிடும். 2001இல் பிட்ஸ்பர்க் நகரில் வெண்டி சாப்மன் என்பவரின் குழு இந்த எதிர்மறைகளை அறியும் எளிய முறையைக் கண்டது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னே வரும்; நம் தமிழில் வாக்கியம் முடியும் இடத்தில் வரும். முழுதும் கேட்டு முடிக்காதவன் தமிழில் எதையும் சரியாகக் கேட்டவனாகான். நோயாளி பேசும்போது பாதியில் குறுக்கிடும் நம் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பின்னர் வந்த ஆண்டுகளில் இலக்கணம் கற்பிக்கும் முறை மாறி, இலட்சக்கணக்கான குறிப்புகளிலிருந்து இயந்திரம் தானே கற்கும் முறை வந்தது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இறக்கக்கூடிய நோயாளரை மருத்துவப் பதிவுகளிலிருந்து முன்னறிந்து, வலிதணிப்புப் பராமரிப்புக் குழுவினரின் கவனத்துக்குக் கொண்டுவரும் முயற்சியை வெளியிட்டனர். 2018இல் வெளியான வேறோர் ஆய்வு, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் எழுதப்பட்ட குறிப்புகளை வாசித்து, நோயாளியின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா, அதை எழுதினார்களா என்பதைத் தேடியது. இந்த இரண்டாவது தேடல் நம்மை நிற்க வைக்கிறது. சாகப்போகிறவரிடம் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டதற்கான தடயத்தை ஓர் இயந்திரம் பக்கம் பக்கமாகத் தேடுகிறது.

யாருடைய துயரம் ஏட்டில் ஏறுகிறது?

இம்முயற்சிகளைக் கண்டு வியப்பதும் தவறன்று; அஞ்சுவதும் தவறன்று. ஆனால் இவற்றின் எல்லையை அறிந்துகொள்வது கடமை.

2019 அக்டோபரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கீட்டு முறையை ஓபர்மையர் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் சோதித்தனர். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுப்பது அம்முறையின் பணி. அது நோயின் கடுமையை நேரே அளக்கவில்லை. மருத்துவத்துக்கு ஆகும் செலவை வைத்து அளந்தது. ஏழைகளும் கறுப்பின மக்களும் நோய் மிகுந்திருந்தும் மருத்துவமனையை எட்ட இயலாமல் குறைவாகவே செலவழித்திருந்தனர். ஆகவே அவர்கள் நலமானவர்கள் என்று அந்தக் கணக்கு முடிவுகட்டியது. இப்பிழையைத் திருத்தினால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பின மக்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு கண்டது. இயந்திரத்தில் வெறுப்பு இல்லை. ஆனால் சமுதாயத்தின் அநீதி ஏட்டில் ஏறியிருந்தது. இயந்திரம் அதை நேர்மையாக வாசித்தது. அவ்வளவே.

நம் நாட்டில் இவ்வாபத்து இன்னும் ஆழமானது. கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி ஊர்விட்டு ஊர் போகிறான். அவனுடைய மருத்துவச் சீட்டு பழைய சட்டைப்பையோடு போய்விடுகிறது. ‘மூச்சு முட்டுது’, ‘நெஞ்சைக் கரிக்குது’, ‘ராத்திரியெல்லாம் ஒரே காந்தல்’ என்று ஒரு தாய் சொல்வது ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாகச் சுருங்கி ஏட்டில் ஏறுகிறது. அச்சொற்களைத்தான் எந்த இயந்திரமும் வாசிக்கும். அவள் குரலின் நடுக்கம் அதில் இல்லை. அவள் வராமலே இருந்துவிட்டால் அந்த இரண்டு சொற்களும் இல்லை.

2025 சனவரியில் உரோமையின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறையும் பண்பாடு, கல்வித் துறையும் இணைந்து செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட குறிப்பு, மருத்துவத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. நோயறிதலில் இக்கருவிகள் பெரிதும் உதவக்கூடும் என்பதை அது ஏற்கிறது. நோயாளிக்கும் அவரைப் பேணுவோருக்கும் உள்ள உறவின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளலாகாது என்பதையும் வலியுறுத்துகிறது.

மூன்று எளிய கேள்விகள்

இவ்வரலாற்றில் தமிழகம் எழுதிய அண்மைப் பக்கம் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். காசநோய்க்கு மருந்து இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் இறப்புகள் நிற்கவில்லை. இறப்போரில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே இறக்கின்றனர். நோய் கண்டறியப்பட்ட அன்றே அவர்கள் மிகக் கடுமையான நிலையில் இருந்தனர் என்பதும், எல்லோருக்கும் தந்த அதே மாத்திரையைத் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பதும் இதன் பொருள்.

இதை மாற்ற 2022 ஏப்ரலில் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையுடன் வகுக்கப்பட்ட இத்திட்டத்தில், ஒவ்வொரு புதிய நோயாளியிடமும் மூன்று செய்திகள் பார்க்கப்படுகின்றன. முதலாவது, உடல் மிக மெலிந்திருக்கிறதா? எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் குறியெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. காலில் வீக்கமும் சேர்ந்திருந்தால் 16 என்பதே ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருப்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, அல்லது இரத்தத்தில் உயிர்வளி அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? மூன்றாவது, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா?

இம்மூன்றில் ஒன்றில் தவறினாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகச் சோதித்து, படுக்கையில் சேர்த்துப் பேண வேண்டும். முதற்கட்டத் தேர்வுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மருத்துவர் இல்லாத இடத்திலும் சுகாதாரப் பணியாளர் ஒருவர் இதைச் செய்துவிடலாம். இவ்விவரங்கள் கணிப்பொறியில் ஏறுகின்றன; இறப்பின் ஆபத்தை மதிப்பிட்டுக் காட்டும் கணக்கீடும் 2025இல் அதனுடன் இணைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கீட்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த மெலிந்த உடலைத் தராசில் ஏற்றியிருக்கிறார். நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணியிருக்கிறார். ‘எழுந்து நில்லுங்கள் பார்ப்போம்’ என்று சொல்லி, விழாமல் தாங்கக் கை நீட்டியிருக்கிறார்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளம் வருகிறது. ஐந்து மண்டபங்கள், அவற்றில் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், முடக்குவாதமுற்றோர் எனப் பெருங்கூட்டம். முப்பத்தெட்டு ஆண்டுகளாய் நோயுற்றிருந்த ஒருவனை இயேசு அங்கே கண்டார். அவன் நெடுங்காலமாய் அந்நிலையில் இருப்பதை அறிந்தார். பின்னர் அவனிடம் விருப்பத்தைக் கேட்டார். அவன் தந்த விடை நோயைப் பற்றியதன்று. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவன் முறையீடு. எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் அவனைக் கடந்து போயிருப்பர்! அவனைக் காணாதவர் எவருமில்லை. கண்டுகொண்டவர்தாம் இல்லை.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் அன்பியக் குழுக்களும் வீடு சந்திக்கச் செல்கின்றனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், கொண்டாடுகிறோம். அன்றைய திருப்பலிக்கு எழுந்து வர முடிந்தவர்கள் வருகிறார்கள். வர முடியாமல் கோவிலம்பாக்கத்தின் புதிய அடுக்குமாடியிலோ, ஏரிக்கரைக் குடிசையிலோ படுத்திருப்பவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாதிருக்கலாம். அடுத்த முறை வீடு சந்திக்கும்போது செபம் சொல்லி முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, கேட்டு, ஒரு தாளில் எழுதி, உரியவரிடம் சேர்ப்போமானால், குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்ற முறையீடு நம் தெருவில் ஒன்றாவது குறையும்.